துவைக்காத துப்பட்டா

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுதீங்களாம்மா? காத்து எனக்கு ஒண்ணும் செய்யாது. இதுக்குத்தான் ஆகாது. எதுக்குன்னு பாக்கீங்களா? சொல்லுதேன், பயந்துராதீங்க. என் கழுத்துல தொங்குதுல்லா இந்தத் துணிப்பை, முந்தானைக்குள்ள, இதுக்குள்ள ஒரு உயிரு இருக்கு. எலி இல்லை. எல்லாரும் எலின்னுதான் காலைத் தூக்கிருதாங்க. திருநெல்வேலில ஏறும்போதே ஒரு அம்மா பாத்துட்டு அந்தக் கடைசி சீட்டுக்குப் போயிட்டாங்க. போகட்டும், நமக்கு இடம் தாராளமாச்சு.

இது பறக்கும் அணில். நம்ம ஊரு அணில் மாதிரி மூணு கோடு கிடையாது, முதுகுல ஒரே ஒரு கருப்புக் கோடு. கண்ணு ரெண்டும் முகத்துக்கு மீறின கண்ணு. கைக்கும் காலுக்கும் நடுவுல தோலு இருக்கும், விரிச்சா கைக்குட்டை மாதிரி. அப்படியே காத்துல மிதந்து வரும். எங்கயோ ஆஸ்திரேலியாப் பக்கத்து வகையாம். அணிலே இல்லை, பையில குட்டியை வச்சு வளக்குத ஜாதின்னு எம்மக சொல்லுவா. கடைக்காரன் பறக்கும் அணில்னுதான் வித்தான், நானும் அப்படித்தான் சொல்லுதேன். பேரு செல்லையா. எம்மக வச்ச பேரு வேற, அது என் வாயில நுழையலை.

திருச்சிக்குப் போறேன். நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. எம்மக வடிவு அங்கதான் ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலையா இருக்கா. உள்ள படுக்க வச்சுப் படம் எடுப்பாங்கள்ல, அந்த மெஷின்ல இவதான் உக்காருவா. முதல்ல ஹாஸ்டல்ல இருந்தா, இப்ப தனியா ஒரு சின்ன வீடு எடுத்திருக்கா. ஸ்டேஷனுக்கே வந்து இதை வாங்கிக்கிடுதேன்னு சொல்லியிருக்கா. எனக்கு அலைச்சல் கூடாதுன்னு சாயங்காலம் திரும்புத வண்டிக்கும் அவளே டிக்கெட் போட்டு போனுக்கு அனுப்பிட்டா பாருங்க. அவ்வளவு அக்கறை. ஆனா யாரு போவா? நான் பத்து நாளைக்குத் துணி எடுத்து வச்சிருக்கேன். அந்த நீலப் பெட்டி என்னுதுதான். பருப்புப்பொடி இருக்கு, கூழ்வத்தல் இருக்கு, சொதி வைக்க நாலு தேங்காய் இருக்கு. திருச்சில தேங்காய் கிடைக்காதான்னு கேக்காதீங்க. கிடைக்கும். நம்ம வீட்டு மரத்துத் தேங்காய் கிடைக்குமா?

இந்தா, இந்தக் கவரைப் பாருங்க. இது அவ துப்பட்டா. மூணு நாளு உடுத்தி, துவைக்காம, அப்படியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒட்டி கூரியர்ல அனுப்பியிருக்கா. 'துவைக்காம போடு'ன்னு மேல எழுதி அடிக்கோடு வேற போட்டிருக்கா. வண்டி ஏறினதும் இதை எடுத்து செல்லையா பைக்குள்ள போடணுமாம். உள்ள இப்ப என் சேலைத் துண்டு இருக்கு, அதை எடுத்துரணுமாம். அவ வாசனை பழகணும், அப்பத்தான் அவகிட்டப் போகும்னு சொல்லுதா. போடுதேன். கோவில்பட்டி வரட்டும்னு இருந்தேன், அது போயிட்டு. இப்ப சாத்தூரும் தாண்டியாச்சு. விருதுநகர் வரட்டும், போட்டுருவோம்.

முதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிபடும். எங்க வீட்டுக்காரங்க ஈபில இருந்தாவ. தவறி ஒம்பது வருஷம் ஆச்சு. பெறவு நானும் வடிவும்தான். அவளுக்கு முப்பத்திரெண்டு. கல்யாணம் ஆகலையான்னு நீங்க வாய்விட்டுக் கேக்கலை, மனசுல கேட்டிருப்பீங்க. எல்லாரும் கேக்கத்தான் செய்தாங்க. வரனுக்கு என்ன குறைச்சல்? ஒண்ணு மும்பை. அவ்வளவு தூரத்துக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவேன்? ஒண்ணு பக்கத்துலதான், ஆனா வீட்டுல நாலு நாத்தனார். தென்காசிப் பையன் ஒருத்தன் வந்தான், எல்லாம் பொருந்தி வந்துச்சு. வடிவுகூட அன்னைக்கு நல்ல சேலையா எடுத்துக் கட்டினா. ஆனா அவங்கம்மா பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுனாவ. எனக்கு அது பிடிக்கலை. வடிவுக்கும் பிடிக்கலை. அவ வாயைத் திறந்து சொல்லலை, ஆனா எம்பிள்ளை மனசு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். அவ ரெண்டு நாளு சரியாச் சாப்பிடலை. வயித்துக் கோளாறுதான், வேற ஒண்ணும் இல்லை.

போன வருஷம் ஆடி மாசம் ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவ, கையில ஒரு கூண்டோட வாசல்ல நிக்கா. அப்ப அவளுக்குத் திருநெல்வேலிலதான் வேலை. பாளையங்கோட்டைல ஒரு பெட் ஷாப்புல வாங்கினாளாம். இது என்னத்துக்குளான்னு கேட்டேன். "எனக்குன்னு ஒண்ணு வேணும்மா" அப்படின்னா. எனக்கு விளங்கலை. இவளுக்குன்னு என்ன இல்லை? வீடே அவளுக்குத்தான். நானும் அவளுக்குத்தான்.

கடைக்காரன் சொல்லி அனுப்பின சட்டதிட்டத்தைக் கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். முதல் ஒரு வாரம் தொடவே கூடாதாம். நாம உடுத்திக் கசங்கின துணியைக் கூண்டுக்குள்ள போடணும், அந்த வாசனையிலதான் அது தூங்கி எந்திரிக்கணும். பெறவு அந்தத் துணியோட பையில போட்டு நெஞ்சோட தொங்கவிட்டுக்கிட்டே திரியணும். அந்த வாசம்தான் தன் ஆளுன்னு அதுக்கு ஏறிரும். ஒருதடவை ஏறிட்டா பெறவு எங்க போனாலும் அந்த ஆளைத்தான் தேடி வருமாம். வடிவு ஒரு பழைய சுடிதாரை மூணு நாளா உடுத்தி, கூண்டுக்குள்ள மடிச்சு வச்சுட்டு வேலைக்குப் போனா. போகும்போது கூண்டைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

நான் கூட்டிப் பெருக்கும்போது பாக்கேன், அழுக்குத் துணி, வேர்வை நாத்தம். வீட்டுக்குள்ள அதை வச்சுக்கிட்டு எப்படிம்மா இருக்க? எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டுட்டேன். கூண்டு வெறுமையாக் கிடந்துச்சு. பாவம், குளிரும்லா. என் பழைய வாயில் சேலையைக் கிழிச்சு ஒரு துண்டு போட்டேன். அந்தச் சேலை மெத்துன்னு இருக்கும். சாயங்காலம் அவ வாரதுக்குள்ள என் துண்டை எடுத்துட்டு, சுடிதாரை மடிச்சுத் திரும்பக் கூண்டுல வச்சுட்டேன்.

இதை அவகிட்டச் சொன்னீங்களான்னு கேக்கீங்களா? துணி துவைச்சதை எல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க?

அவ ராத்திரி அதையே உடுத்திப் படுத்துத் திரும்பவும் அழுக்காக்கி வச்சா. நான் திரும்பவும் துவைச்சேன். இப்படியே ஒரு வாரம், பத்து நாளு. பகலெல்லாம் அது என் சேலைத் துண்டுக்குள்ளதான் சுருண்டு தூங்குச்சு. சாயங்காலம் இவ வந்து கையை உள்ள விடுதா, அது கத்துது பாருங்க, மிக்ஸில காஞ்ச மிளகாய் போட்டு ஓட்டுத மாதிரி ஒரு சத்தம். விரல்ல கடிச்சு ரத்தம் வந்துட்டு. நான் போய் கையை நீட்டுதேன், வந்து மூக்கை வச்சு மோந்துட்டு, அப்படியே உள்ளங்கையில ஏறி உக்காந்துக்கிட்டு. வடிவு அதைப் பாத்துக்கிட்டே நின்னா. பெறவு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அழுதிருப்பா போல, கண்ணு சிவந்திருந்துச்சு. நான் என்ன செய்ய? அதுக்குத் தெரியுது, யாரு கையில பாசம் இருக்குன்னு.

இருங்க, டிடிஆர் வாராரு. உங்க பேப்பரைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க. ... போயிட்டாரா? சரி. விருதுநகர் வந்துட்டோ? இல்லை, இப்ப வேண்டாம். ஆளுக ஏறி இறங்குத நேரம், வாசல் காத்து வேற. மதுரை வரட்டும்.

உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. அது முதல்முதல்ல பறந்த அன்னைக்கு நான் அழுதேன். சாயங்காலம் விளக்கேத்திட்டுத் திரும்புதேன், ஜன்னல் திரைச்சீலை உச்சில உக்காந்திருக்கு. அங்கருந்து என்னையப் பாக்கு. கையையும் காலையும் விரிச்சுது. அவ்வளவுதான், காத்துல ஒரு துணி வந்த மாதிரி வந்து என் தோள்ல விழுந்துச்சு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். வடிவும் அந்தப் பக்கம் கையை நீட்டிக்கிட்டுத்தான் நின்னா. அது என் தோளுக்கு வந்துச்சு. என்னைய யாரும் அப்படித் தேடி வந்ததில்லைம்மா. என்னையக் கட்டிக்கிட்டவங்க நல்லவங்கதான், ஆனா அவங்க ஆபீஸ்லருந்து வந்தா பேப்பரைத்தான் தேடுவாவ. எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாப்பாட்டு விஷயத்துலதான் எனக்கும் வடிவுக்கும் ஒத்துவரலை. கடைக்காரன் ஒரு பட்டியல் எழுதிக் குடுத்திருக்கான். புழுவாம், வெட்டுக்கிளியாம், அவிச்ச முட்டையாம், கால்சியம் பொடியாம். பழம் கொஞ்சம்தான் குடுக்கணுமாம். அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருந்தா. நான் அதுக்கு மேலேயே கோயில் காலண்டரை ஒட்டிட்டேன். எங்க வீடு சைவம்மா. முட்டைங்குத பேச்சே உள்ள வராது. வெள்ளி, செவ்வாய் வெங்காயம்கூட நறுக்க மாட்டேன். சாமி படம் இருக்க வீட்டுல வெட்டுக்கிளியை டப்பாவுல அடைச்சு வைக்க முடியுமா? அவ ஸ்கூட்டர் டிக்கில ஒளிச்சு வச்சிருந்தா, காஞ்ச புழு. கண்டுபிடிச்சு சாக்கடைல கொட்டிட்டு, வாசல் தெளிச்சு, தலைக்கு ஊத்தினேன். பொடியையாவது போடும்மான்னா. டப்பாவைக் கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்தேன், முட்டை ஓட்டுல செஞ்சதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. விடுவேனா?

நம்ம வீட்டுல வளருத பிள்ளை நம்மள மாதிரித்தானே வளரும்? நான் குறையா வைக்கலைம்மா. மட்டிப்பழம், மாதுளை, தேனு, பால்சோறு, மார்கழில சக்கரைப் பொங்கல். பால்சோத்தை விரல்ல தொட்டுக் குடுத்தா நக்கி நக்கித் திங்கும். அமாவாசை அன்னைக்கு எனக்கும் அதுக்கும் ஒரு நேரம் பழம்தான். சும்மா மொழுமொழுன்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டு சங்கரவடிவு அக்கா பாத்துட்டு, பிரமு, உன் கைப்பாகம்னு சொன்னாவ. என் பேரு பிரமநாயகி. எல்லாரும் பிரமுன்னுதான் கூப்பிடுவாங்க.

தை மாசம் போல வடிவு சொன்னா, இது தனியா இருக்கக் கூடாதாம், கூட்டமா வாழுத ஜாதியாம், இன்னொண்ணு வாங்கி ஜோடியா விடணுமாம். நான் காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். ஜோடி எதுக்கு, அதான் நான் இருக்கேன்லான்னு சொன்னேன். சாதாரணமாத்தான் சொன்னேன். அவ என்னைய நிமிந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. நான் நறுக்குததை விட்டுட்டு, என்னளான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அடுத்த வாரம் திருச்சில வேலை கிடைச்சிருக்கு, லேடீஸ் ஹாஸ்டல் பாத்துட்டேன், ஒண்ணாந்தேதி சேரணும்னு நிக்கா. எதுக்கு அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

கிளம்புத அன்னைக்கு அதையும் கொண்டுபோறேன்னு அவ பையை விரிச்சா. அது உள்ள போகவே மாட்டேங்குது. கத்துது. கடிக்கு. அவ கொஞ்ச நேரம் தரையில உக்காந்து பாத்தா. பெறவு பையை மடிச்சு என் கையில குடுத்தா. "உன்னைய விட்டுட்டு அது வராதும்மா. வச்சுக்கோ" அப்படின்னா. எனக்கு அப்ப உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. இப்பச் சொல்லுததுக்கு என்ன, பெருமையாத்தான் இருந்துச்சு.

மதுரைதான், ஆமா. என்ன கூட்டம். இங்க வேண்டாம்மா, துப்பட்டாவை எடுத்தா எங்கயாவது விழுந்துரும். திண்டுக்கல் தாண்டினா கொஞ்சம் அமைதியா இருக்கும்.

அவ போன பெறவு நானும் செல்லையாவும்தான். அப்பத்தான் அது என் மேல இன்னும் பிரியமாச்சு. முன்ன திரைச்சீலை, பீரோ உச்சின்னு தாவிக்கிட்டுத் திரியும். மெல்ல மெல்ல அதையெல்லாம் விட்டுட்டு. பறக்கதே இல்லை. பையை விட்டு வெளிய வராது. கீழ விட்டாலும் ரெண்டு அடி வந்து என் கால்ல ஒட்டிக்கிடும். கூண்டுக் கதவை நான் சாத்துததே இல்லை, திறந்துதான் கிடக்கும். அது போகாது. சங்கரவடிவு அக்காகிட்டக்கூடச் சொன்னேன், பாருங்கக்கா, பெத்தது பறந்துட்டு, வளத்தது பறக்கதையே மறந்துட்டு என் மடியிலயே கிடக்குன்னு. அவுங்க எடுத்துக் கையில வச்சுப் பாத்துட்டு, மெல்லத் திரும்ப என் மடியில வச்சாவ.

பின்னங்காலை இழுத்து இழுத்து வந்துச்சு. சோம்பல்னு நினைச்சேன். வெயில் காலம்லா. விளக்கெண்ணெய் தடவி விட்டேன்.

போன வாரம் வடிவு வீடியோல கூப்பிட்டா. அவளாக் கூப்பிட்டது ஒரு மாசம் கழிச்சு. அதைக் காட்டுன்னா. தரையில விட்டுக் காட்டினேன். பாத்தியாளா, உன்னைய மாதிரி இல்லை, என்னைய விட்டு ஒரு அடி நகராதுன்னு சொன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. நடக்க விடுன்னா. விட்டேன். திரும்பவும் விடுன்னா. அவ குரல் ஒருநாளும் உசந்தது கிடையாது. அன்னைக்கு உசந்துச்சு.

"அது பாசம் இல்லைம்மா. அதால போக முடியலை."

அவ்வளவுதான். வச்சுட்டா. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கலை. ஒரு மணி நேரம் கழிச்சு மெசேஜ் அனுப்பினா, உடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு.

டாக்டர் சின்ன வயசுப் பையன். படம் எடுத்து வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாரு. எலும்பு இருக்க வேண்டிய இடத்துல வெள்ளையாத் தெரியணுமாம். இதுக்குப் புகை மாதிரி இருந்துச்சு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன், மட்டிப்பழம், தேனு, பால்சோறு. பாராட்டுவாருன்னு நினைச்சுத்தான் சொன்னேன். "வயித்துக்கு நிறையக் குடுத்திருக்கீங்கம்மா. எலும்புக்கு ஒண்ணுமே குடுக்கலை" அப்படின்னாரு. மருந்து எழுதினாரு. முட்டையும் புழுவும் குடுத்தே ஆகணும், இல்லாட்டி முன்னங்காலும் போயிரும், பெறவு மூச்சுன்னாரு. திருச்சில இந்த மாதிரிப் பிராணி பாக்கவங்க ஒருத்தங்க இருக்காங்க, சீக்கிரம் போனா நடக்க வாய்ப்பு இருக்குன்னாரு. அதான் போறேன். வடிவு லீவு போட்டுட்டு நிப்பா.

மருந்து விடுதேன். சொட்டு மருந்து, அது சைவம்தான், கேட்டுக்கிட்டேன். முட்டை... எனக்குக் கை வரலைம்மா. வாங்கவே போகலை. நேத்துலருந்து பழத்தையும் தொட மாட்டேங்குது. தலையைத் தூக்கலை.

நீங்க சாப்பிடுங்க, சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம், நான் காலைலயே முடிச்சுட்டேன். எலுமிச்சம்பழச் சோறா? ஓ... முட்டையா. அதுக்கென்ன, உங்க சாப்பாடு, நீங்க சாப்பிடுங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். தப்பா நினைக்காதீங்க, எனக்கு அந்த வாடை...

இருங்க.

இங்க பாருங்க. தலையைத் தூக்குது. பாருங்க, மூக்கை அசைக்கு. நேத்துலருந்து கண்ணே திறக்கலை, இப்பப் பையிலருந்து தலையை நீட்டிக்கிட்டு உங்க டப்பாவைப் பாக்கு. செல்லையா. ஏ, செல்லையா. நான் கூப்பிடுதேன், திரும்ப மாட்டேங்குது.

ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். அந்த மஞ்சக்கருல ஒரு துளி. நீங்களே குடுத்துருங்க. என் கை வேண்டாம். பையை நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க விரல்ல வச்சு மூக்குக்கிட்டக் கொண்டு போங்க. கடிக்காது. கடிச்சாலும் பொறுத்துக்கிடுங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிடுதேன்.

திங்குதா?

நக்குதா. இன்னும் கேக்குதா. குடுங்க, கேட்டா குடுங்க.

கடிக்கலையா? கத்தலையா? உங்களை அதுக்கு யாருன்னே தெரியாதே. நீங்க ஏறி மூணு மணி நேரம்கூட ஆகலை. ... சரி. யாரு குடுத்தாலும் திங்கும் போல. பசிச்சிருக்கு, அதான். இவ்வளவு நாளும் பசிச்சிருக்கு.

இல்லை, நான் அழலை. காத்து. ஜன்னலைத் திறந்தீங்களா? இல்லையா? சரி.

மணப்பாறை போயிட்டா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்தக் கவரைப் பிரிச்சுக் குடுங்கம்மா, எனக்கு நகம் இல்லை. மெல்ல, கிழிச்சுராதீங்க.

இந்தத் துப்பட்டாவை நான் பாத்தது இல்லை. புதுசு. அங்க போய் வாங்கியிருக்கா. ஆனா வாசம் அதேதான். தேங்காய் எண்ணெய், அந்த ஸ்கேன் சென்டர் கைகழுவுத மருந்து, பெறவு அவ. சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து மடியில விழுந்தா இப்படித்தான் இருக்கும். அஞ்சு மாசமாச்சும்மா. வீட்டுல அவ துணி எல்லாத்தையும் நான்தான் துவைச்சு மடிச்சு பீரோல வச்சிருக்கேன். அவ போன பெறவு ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தேன், எல்லாம் சோப்பு வாசம்தான் வருது. ஒரு துணியையாவது அழுக்கா விட்டு வச்சிருக்கலாம்.

கொஞ்ச நேரம் என் கையிலயே இருக்கட்டும். செல்லையாவுக்குப் போடுதேன். போட மாட்டேன்னு சொல்லலை.

உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க இறங்கிப் போயிருவீங்க, பெறவு நாம பாக்கப் போறதில்லை. அன்னைக்கு முதல் நாளு அந்தச் சுடிதாரை அழுக்குன்னுதான் துவைச்சேன். சத்தியமா. ரெண்டாம் நாளு எடுத்துப் பாத்தேன், அவ்வளவு அழுக்கா இல்லை. மூணாம் நாளு அழுக்கே இல்லை. அது என் துண்டுக்குள்ள தூங்குததைப் பாத்துட்டேன்லா. துவைச்சேன்.

அவளுக்குத் தெரியுமோ என்னவோ. கவர் மேல எழுதியிருக்கால்லா, துவைக்காம போடுன்னு. தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. எப்ப தெரிஞ்சுதோ. ஒருநாள்கூட என்கிட்டக் கேக்கலை.

பையைப் பிடிங்க. என் துண்டை நீங்களே உருவிருங்க. நான் உருவினா அது என் கையைத் தேடும். உருவிட்டீங்களா? இப்ப இதைச் சுத்தி வைங்க, காலுக்கு அடியில மெத்துன்னு வரட்டும். சத்தம் போடுதா?

போடலையா.

நல்லதுதான். போடாம இருந்தா நல்லதுதான். அந்தத் துண்டை என்கிட்டக் குடுங்க, இடுப்புல சொருகிக்கிடுதேன்.

வண்டி மெதுவாகுது. அந்தா நிக்கா பாருங்க, பச்சைச் சுடிதாரு, தூணுக்குப் பக்கத்துல. மெலிஞ்சிட்டா. இத்தனை மாசம் ஹாஸ்டல் சாப்பாடுல்லா. நம்ம கோச்சையே தேடிப் பாக்கா. கையில கூண்டு வச்சிருக்கா, வேற ஒண்ணும் தெரியலை.

ஏம்மா, கடைசியா ஒரு உபகாரம். அந்த நீலப் பெட்டியை நீங்க எடுத்துக்கிட்டு இறங்குதீங்களா? தேங்காய் இருக்கு, கனமா இருக்கும், பாத்து. நான் இந்தப் பையை மட்டும் பிடிச்சுக்கிட்டு முன்ன இறங்குதேன். அவகிட்டக் குடுக்கேன். வீட்டுக்கு வாம்மான்னு அவ கூப்பிட்டா, நான் வந்து உங்ககிட்டப் பெட்டியை வாங்கிக்கிடுதேன். நான் துணியெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன்னு அவளா பாத்து, பாவம்னு கூப்பிட வேண்டாம். அவளுக்குத் தோணிக் கூப்பிட்டா வருதேன்.

கூப்பிடலைன்னா, சாயங்கால வண்டி இருக்கு. அதான் டிக்கெட் போட்டிருக்கால்லா.

நீங்க அந்த பெஞ்சுல ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பீங்கள்லா? பெட்டியை உங்க பக்கமா வச்சுக்கிடுங்க. உங்க பெட்டி மாதிரி.